சங்கரலிங்கம் அண்ணாச்சியின் அருவி மாட்யூல்

சங்கரலிங்கம் அண்ணாச்சி போய்விட்டார். நேற்று சாயங்காலம், ஆலங்குளத்தில். நெஞ்சுவலியாம்... நாற்பத்தாறு வயதுதான்.

பழைய ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ வந்தது. வேறு யாரோ என்று தள்ளிவிட்டு, திரும்பப் போய்ப் பார்த்தேன். பாவி மனுஷன், அதே கோடு போட்ட சட்டை.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. தென்காசியில் நான் முதலில் வேலை பார்த்த கம்பெனியில் பக்கத்து சீட். குற்றாலம் லாட்ஜ்களுக்கு வெப்சைட் செய்து கொடுப்போம்.

ஒவ்வொரு சைட்டிலும் ஓரமாக ஒரு சின்னப் பெட்டி இருக்கும், "இன்றைய அருவி நிலவரம்" என்று. பச்சை என்றால் குளிக்கலாம், சிவப்பு என்றால் தடை. அந்த மாட்யூல் அண்ணாச்சி எழுதியது.

சீசனில் தினமும் காலை ஏழு மணிக்குள், அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் ஒருவருக்கு போன் போடுவார். "தண்ணி எப்படி விழுது? குளிக்க விடுதாங்களா?" கேட்டுவிட்டுத்தான் நிறத்தை மாற்றுவார். லீவு நாளிலும்.

"வானிலை சைட்ல இருந்து தானா எடுத்துக்கிடலாம்லா அண்ணாச்சி?" என்றேன் ஒருநாள்.

"இங்கன வெயிலடிக்கும், மலைமேல மழை கொட்டும். அங்கன நிக்கவனைத்தான் பிள்ள கேக்கணும்" என்றார், என் கீபோர்டில் டீயைச் சிந்திக்கொண்டே.

யாரும் அப்டேட் செய்யாத நாளில் என்ன காட்டுவது என்று செட்டிங்ஸில் ஒரு இடம் உண்டு, டிஃபால்ட் என்று. அதில் அவர் "தெரியவில்லை" என்று தொடங்கும் ஒரு வரியை வைத்திருந்தார்.

ஒரு லாட்ஜ் ஓனர் எனக்கு போன் செய்து, "தெரியலன்னு போட்டா எவன் ரூம் போடுவான்?" என்று கத்தினார். நான் டிஃபால்ட்டைப் பச்சையாக்கிவிட்டேன். அண்ணாச்சியிடம் சொல்லவில்லை... மறந்தே போனேன்.

அடுத்த வாரம் அவருக்குக் காய்ச்சல், போன் போட்டு நிறத்தை மாற்ற முடியவில்லை. அன்றைக்கென்று பார்த்து அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. எங்கள் பெட்டி மட்டும் பச்சையாக இருந்தது.

அதை நம்பி வேன் பிடித்து வந்த ஒரு குடும்பம் லாட்ஜில் சண்டை போட, அதே ஓனர் எங்கள் முதலாளியிடம் வந்து குதித்தார்.

அண்ணாச்சி வேலைக்குத் திரும்பிய அன்று முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "யாரு மாத்துனது?"

நான்தான் என்று சொன்னால் வேலை போய்விடும். வீட்டில் என் ஒருத்தி சம்பளம்தான்.

அண்ணாச்சி என்னை ஒரு தடவை பார்த்தார். "நான்தான் சார். காய்ச்சல்ல வீட்ல இருந்து என்னத்தையோ அமுக்கிட்டேன்."

அந்த மாதமே அவரை அனுப்பிவிட்டார்கள். ஆலங்குளத்தில் ஜெராக்ஸ் கடை வைத்தார்.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, "டிஃபால்ட்ட மட்டும் பழையபடி மாத்திரு பிள்ள" என்றார். அவ்வளவுதான்... ஒரு வார்த்தை திட்டவில்லை.

அதற்குப் பிறகு ஆலங்குளம் வழியாக எத்தனையோ தடவை பஸ்ஸில் போனேன். அவர் கடை போர்டு தெரியும். ஒருநாள்கூட இறங்கவில்லை.

இன்று குரூப்பில் ஒருவர் எழுதியிருக்கிறார்: "நல்ல மனுஷன். வேலையில்தான் கொஞ்சம் அஜாக்கிரதை."



படித்ததும் அன்றைக்குக் கத்திய ஓனரின் லாட்ஜ் சைட்டைத் திறந்து பார்த்தேன். இன்று யாரும் அப்டேட் செய்யவில்லை. பெட்டியில் அவர் எழுதிய வரி அப்படியே இருக்கிறது. "தெரியவில்லை. போன் போட்டுக் கேட்டுவிட்டு வாருங்கள்."

இதைப் படிக்கிற ஆபீஸ் குரூப்காரர்களுக்கு... அன்றைக்குப் பச்சை போட்டது நான். செல்வி. அவர் இல்லை.

போயிட்டு வாங்க அண்ணாச்சி. டிஃபால்ட்ட நீங்க சொன்ன அன்னைக்கே மாத்திட்டேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நாளாயிட்டு.