உப்பங்கழியில் நின்ற படகு

எனக்கு மில்லில் கிடைக்க இருந்த நிரந்தர வேலையைக் கெடுத்தவர் எங்கள் தாராவித் தமிழர் சங்கத்தின் அன்றைய செயலாளர்.

அறுபதுகளின் நடுவில், ஒரு தீபாவளி முடிந்த கையோடு, சங்கத்திலிருந்து பதினெட்டுப் பேர் ஸ்டீமரில் கொங்கண் கரைக்குப் போனோம். நான் அப்போது பத்லி. நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் அவன் தறியில் நிற்கும் ஆள். திங்கட்கிழமை காலை மேலாளரைப் பார்த்தால் வேலை நிரந்தரம். செயலாளரிடம் இதைச் சொல்லிவிட்டுத்தான் ஏறினேன். ஞாயிறு சாயங்கால ஸ்டீமரில் திரும்பிவிடலாம் என்றார்.

இறங்கிய ஊர் சிறியது. சிவப்பு ஓட்டு வீடுகள், மணலில் காயும் மீன், ஒரே ஒரு டீக்கடை. ஞாயிறு காலை படகில் உப்பங்கழி வழியாக உள்ளே ஒரு சிவன் கோயிலுக்குப் போனோம். தாமிரபரணிக் கரையில் பிறந்த எங்களுக்கு அது ஆறாகத்தான் தெரிந்தது. தாராவிக்குப் பக்கத்திலேயே மாஹிம் கழி இருக்கிறது. நாற்றம் வந்தால் ஜன்னலைச் சாத்துவோமே தவிர, கடலோடு சேர்ந்து அதில் தண்ணீர் ஏறி இறங்குவதை எங்களில் யாரும் நின்று பார்த்ததில்லை.

கோயிலில் கட்டுச்சோற்றைப் பிரித்தபோது படகுக்காரன் வந்து இந்தியில் சொன்னதை நான் செயலாளரிடம் சொன்னேன்.

"அண்ணாச்சி, இப்பமே கெளம்பணுமாம். தண்ணி எறங்கிருமாம்."

"ஆத்துத் தண்ணி எங்கலே எறங்கும்? அவனுக்கு வீட்டுக்குப் போவ அவசரம். உக்காந்து சோத்தத் தின்னு."

சாப்பிட்டுவிட்டு ஒன்றரை மணி நேரம் தூங்கினார். எழுப்ப ஒருவருக்கும் துணிவில்லை. எனக்கும்தான்.

திரும்பும்போது பாதி வழியில் படகு சேற்றில் உட்கார்ந்தது. பக்கத்தில் ஒரு கொக்கு நடந்து போனது.

"அண்ணாச்சி, கொக்குக்கே முட்டளவுதான் இருக்கு. எறங்கித் தள்ளுங்க," என்றார் எங்களோடு வந்த பீடிக்கடைக்காரர்.

தண்ணீர் மறுபடி ஏறி நாங்கள் ஊர் சேர்ந்தபோது ஸ்டீமர் போய்விட்டிருந்தது. அடுத்தது செவ்வாய்க்கிழமை. நான் மில்லுக்குப் போனபோது எனக்குத் தரவிருந்த தறியில் வேறொருவன் நிரந்தரமாகியிருந்தான். அதன் பிறகு நான்கு வருடம் பத்லியாகவே இருந்தேன்.

ஆண்டறிக்கையில் செயலாளர் எழுதியது இது: கடல் கொந்தளிப்பால் ஸ்டீமர் வரவில்லை. அன்று கடலில் அலையே இல்லை. ஸ்டீமர் வந்தது, நின்றது, போனது. அறிக்கையை வாசித்து முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். படகில் இருந்தவர்களும் தட்டினார்கள்.

இப்போது அவர் சங்கத்தின் கௌரவத் தலைவர். பொங்கல் கூட்டத்தில் மைக் அவர் கையில்தான் இருக்கும். ஸ்டீமர் தவறியது கடலாலா, அவர் தூக்கத்தாலா? அந்த மைக்கிலேயே, அத்தனை பேர் முன்னால், பதில் சொல்லட்டும்.