அர்ச்சனைக்குக் கொடுத்த படம்

பாலக்கோடு தக்காளி மண்டியில் ராஜாமணி உட்காரும் இடம் எல்லோருக்கும் தெரியும். கூடைகளுக்கு நடுவே, நைந்த பழத்தைத் தனியாகவும் காயைத் தனியாகவும் பிரித்துப் போட்டபடி, வாய்க்குள் மாரியம்மன் பேரைச் சொல்லிக்கொண்டிருப்பாள். கணவன் மாதையன் போய்ச் சேர்ந்துவிட்டான். பிள்ளை இல்லை. துணை என்று இருந்தது பக்கத்து வீட்டில் தம்பி சென்னப்பன் குடும்பம்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவே கிளுவை வேலி. அதில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு சந்து. அந்த வழியாகத்தான் குழம்புக் கிண்ணம் வரும், தம்பி மகள் பிரியதர்ஷினி வருவாள், சில நாள் சண்டையும் வரும்.

ஒருநாள் மண்டியில் கூட வேலை செய்கிற பானுமதி ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

“ஏ ராஜாமணி, பூனை மாதிரி இருந்துக்கிட்டு இந்த வேலையெல்லாம் பண்றியா நீ? இங்க பாரு!”

மறுமணத்துக்கு வரன் தேடித்தரும் ஒரு கம்பெனியின் விளம்பரம் அது. அதில் ராஜாமணி சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே, ‘சுமதி, சேலம், வயது முப்பத்தெட்டு. தனிமை போதும், துணை வேண்டும்’ என்று போட்டிருந்தது.

“வயசுல பத்தைக் கொறைச்சுட்டான் பாரு, அந்த மட்டுக்கும் லாபம்” என்று பானுமதி சிரித்தாள். ராஜாமணியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

ராஜாமணி வீடு திரும்புவதற்குள் படம் அவளுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்திருந்தது. பிரியதர்ஷினிக்குப் பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளை வீட்டார், “பொண்ணோட அத்தைக்கும் சேத்தே மாப்பிள்ளை பாக்கறீங்களா?” என்று கேட்டார்களாம். அத்தோடு அந்தப் பேச்சு நின்றுபோனது.

“யாருக்குக்கா குடுத்த இந்தப் போட்டோவை?” என்று சென்னப்பன் வேலிச் சந்தில் நின்று கேட்டான்.

“யாருக்கும் குடுக்கலடா.”

“குடுக்காத போட்டோ காத்துல பறந்தா போச்சு, அண்ணி?” என்றாள் தம்பி மனைவி யுவராணி. “அதுவும் பல்லு தெரியச் சிரிச்சுக்கிட்டு.”

“நீ சும்மா இரு” என்று சென்னப்பன் அவளை அடக்கினான். “அக்கா, வர்ற வெள்ளிக்கிழமை கோயில்ல கற்பூரம் அணைச்சு, யாருக்கும் குடுக்கலன்னு சொல்லிடு. அப்பறம் எவன் பேசறான்னு நான் பாத்துக்கறேன். எப்பவும் போல வூட்டுக்கு வந்து போயிட்டு இருக்கலாம்.”

அந்த ஊரில் அதற்கு மேல் தீர்ப்பு கிடையாது. அம்மன் முன்னால் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சொன்ன சொல்லை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. ராஜாமணிக்கு அன்றே பாதி பாரம் இறங்கிவிட்டது.

வெள்ளிக்கு முன்பே பானுமதி அவளைத் தர்மபுரி கோர்ட்டில் இலவசமாக வழக்குப் பார்க்கும் இடத்துக்குக் கூட்டிப் போனாள். விளம்பரத்திலிருந்து படத்தையாவது நீக்க வைக்கலாமே என்று. நிர்மலாதேவி என்ற வக்கீல், ஃபோனில் படத்தைப் பெரிதாக்கினாள்.

“இந்த நீலப் பொடவை எப்பம்மா கட்டினீங்க? பின்னால சாமி காலண்டர் தெரியுது பாருங்க. உங்க வூடுதானே?”

பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு நினைவு வந்துவிட்டது.

போன ஆடி மாதம் அது. முட்டி வலியில் கோயிலுக்கு நடக்க முடியவில்லை. பிரியதர்ஷினிக்கு நல்ல இடம் அமைய வேண்டும் என்று வேண்டிக்கொள்ள வழி தேடியபோது, ஃபோனில் ஒரு பூசை ஆப் வந்தது. பேர், நட்சத்திரம், முகம் தெரிகிற படம் அனுப்பினால் பெரிய கோயிலில் அர்ச்சனை செய்வார்களாம். தலைக்குக் குளித்து, திருநீறு பூசி, தன்னைத்தானே படம் எடுத்தாள். சாமி முன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது என்று சிரித்தாள். பிறகு பொடி எழுத்தில் நீளமாக என்னவோ வந்தது. கடைசியில் ‘சம்மதம்’ என்று இருந்தது. மேலே அம்மன் படம். விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அமுக்கினாள்.

அதைச் சொன்னதும் நிர்மலாதேவி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அர்ச்சனைக்குன்னு வாங்கிட்டு இந்தக் கல்யாணக் கம்பெனிக்குக் கை மாத்தியிருக்கான். எதுக்குன்னு சொல்லி வாங்கினானோ அதுக்கு மட்டும்தான் வெச்சிருக்கணும். நீங்க குடுத்ததால நமக்கு நஷ்டம் இல்லீங்கம்மா. கேஸே அதுல தான் நிக்குது.”

“அப்ப நான் குடுத்தேன்னு ஆவுதுங்களே?”

“குடுத்தீங்க. ஆனா இதுக்குக் குடுக்கல.”

“கற்பூரத்துகிட்ட அப்படிப் பிரிச்சுச் சொல்ல முடியாதுங்களே, வக்கீலம்மா.”

என்ன கற்பூரம் என்று நிர்மலாதேவிக்கு விளங்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் ராஜாமணி வேலிச் சந்துக்குப் போனாள். “சென்னப்பா, அந்தப் போட்டோ வந்து…”

“எதுவும் சொல்லாதக்கா.” அவன் அவசரமாகக் கையை ஆட்டினான். “நாளைக்குக் கோயில்ல சொல்லு. அது போதும்.”

அவனுக்கு ஏதோ புரிந்துவிட்டது என்று அவளுக்கும் புரிந்தது.

மறுநாள் காலை பூசாரி தட்டில் கற்பூரத்தை ஏற்றி வைத்தார். உறவுக்காரர்கள் சிலர் வந்திருந்தார்கள். ராஜாமணி கையைத் தூக்கினாள். தம்பியின் கண் அவளைக் கெஞ்சிக்கொண்டிருந்தது. சிறு வயதில் கீழே விழுந்து எழுந்து வந்து, அப்பாவிடம் சொல்லாதே என்று பார்ப்பானே, அதே பார்வை.

“சொல்லுக்கா. ஒரே வார்த்தை.”

“குடுத்தேன்டா தம்பி” என்றாள். “சாமிக்குன்னுதான் குடுத்தேன்.”

“சாமி எப்ப அண்ணி ஃபோன் வாங்குச்சு?” என்றாள் யுவராணி. யாரோ சிரித்தார்கள். உன் மகளுக்காகத்தான் கொடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பழி அந்தப் பெண் தலையில் போய் விடியும். ராஜாமணி தூக்கிய கையை மார்போடு சேர்த்துக் கும்பிட்டாள். கற்பூரம் தானாக எரிந்து அடங்கியது. அதற்குள் சென்னப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறிவிட்டான்.

அன்று மாலையே வேலிச் சந்தில் முள் வெட்டிப் போட்டிருந்தது.

கேஸ் நடந்தது. பூசை ஆப்காரன், அந்த அம்மா தானே சம்மதம் கொடுத்தாள் என்றான். கல்யாணக் கம்பெனிக்காரன், படத்தைக் காசு கொடுத்து வாங்கினோம் என்றான். வழக்கு முடியும்வரை அந்தப் படத்தை யாரும் எங்கேயும் காட்டக் கூடாது என்று கோர்ட் தடை போட்டது.

“எடுத்துட்டாங்கம்மா! எல்லாத்துலயும் எடுத்துட்டாங்க!” நிர்மலாதேவி ஃபோனில் சந்தோஷமாகச் சொன்னாள். ராஜாமணி பழைய பழக்கத்தில் வேலிப் பக்கம் ஓடி, “சென்னப்…” என்று தொடங்கி, முள்ளைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். திரும்பி வந்து அடுப்பைப் பற்ற வைத்தாள்.

தை மாதம் பிரியதர்ஷினிக்கு வேறு இடத்தில் கல்யாணம் கூடியது. அத்தைக்குப் பத்திரிகை வரவில்லை. முகூர்த்தத்தன்று மண்டபத்து மேளச் சத்தம் கோயில்வரைக்கும் கேட்டது. ராஜாமணி தேங்காய் பழத்தோடு போய் நின்றாள்.

“பேரு சொல்லுங்க, அர்ச்சனைக்கு” என்றார் பூசாரி.

பிரியதர்ஷினி, அஸ்தம், கன்னி ராசி. வருஷக்கணக்காக அவள் வாய் தானாகச் சொல்லி வந்தது அது. இன்றும் நாக்கு நுனிவரை வந்தது.

“சாமி பேருக்கே பண்ணிடுங்க.”

“கல்யாணப் பொண்ணு பேருக்குப் பண்ணலாமில்ல? உங்க தம்பி மகதானே?”

“பேரைச் சொல்லலாமான்னு அதுகிட்ட நான் கேக்கலைங்களே” என்றாள் ராஜாமணி, தட்டை நீட்டியபடி.