அப்பத் தட்டைத் தள்ளிவிட்டவர்

வெல்டிங் மேஸ்திரி இருபது வயதில் ஞானஸ்நானம் எடுத்தவர். அவரைக் கேட்காமல் சபையில் ஒரு நாற்காலிகூட இடம் மாறாது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

நாற்பத்தாறாவது வயதில் ஒரே கையெழுத்தில் எல்லாம் போயிற்று. பட்டறைக் கூரைக்கு வர்ணம் பூச ஏறிய பெயின்டர், பாதுகாப்பு பெல்ட்டின் தேய்ந்த கொக்கி முறிந்து கீழே விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். மேஸ்திரி அதைக் கண்ணால் பார்த்தார். ஆனாலும் மேனேஜர் நீட்டிய தாளில் 'பெல்ட் போடவில்லை' என்று இருந்ததற்குக் கீழே, வேலை போய்விடுமே என்ற பயத்தில், கையெழுத்துப் போட்டார். பெயின்டரின் நஷ்டஈட்டு மனு தள்ளுபடியானது.

அடுத்த ஞாயிறு, சபையில் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து. அப்பத் தட்டு கைக்கு வந்ததும், பாவத்தோடு உண்ணக்கூடாது என்று எடுக்காமல் பக்கத்து ஆளிடம் தள்ளிவிட்டார். மனைவி கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார். அதன்பின் ஒவ்வொரு திருவிருந்திலும் இதே கதைதான். மூன்று வருடமா வயிறு சரியில்லாமல் இருக்கும்? கடைசியில் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். இரட்சிப்பு பெற்றவர்களின் பெயர் எழுதியிருக்கும் ஜீவபுத்தகத்திலிருந்து தன் பெயரை அடித்திருப்பார்கள் என்றார்.

அவள் போதகரையும் தன் அண்ணனையும் வீட்டுக்கு வரச்சொன்னாள். அண்ணன் வேறு சபைக்காரர். வேதத்தைக் கரைத்துக் குடித்தவர்.

"கர்த்தரோட பிடியிலதான் நீங்க இருக்கீங்க. அந்தக் கை விடாது," என்றார் போதகர்.

"கையை உதறிட்டு ஓடறவனை என்ன பண்றது, ஐயா?" என்றார் மச்சான்.

ஆளுக்கொரு வசனமாக எடுத்துப் போட்டார்கள். காபி ஆறிப்போனது. நடுவில் உட்கார்ந்திருந்த மேஸ்திரியை இருவருமே மறந்துவிட்டார்கள். அவர்கள் போனபின் மனைவி சொன்னாள்:

"உங்க இரட்சிப்பு போச்சா, போகலையாங்கறதை அவங்க பேசி முடிக்கட்டும். நீங்க அந்த மனுஷனைப் போய்ப் பாருங்க."

பெயின்டர் ஒரு பள்ளிக்கூட வாசலில் காவலுக்கு இருந்தார். பக்கத்தில் ஊன்றுகோல். மேஸ்திரி சொன்னதை முகம் மாறாமல் கேட்டார்.

"மூணு வருஷமா, நான்தான் பெல்ட்டைச் சரியா மாட்டலையோன்னு நெனச்சிட்டிருக்கேன். என் சம்சாரமே என்னை நம்பல," என்றார். பிறகு, "இதை எழுதிக் குடுப்பீங்களா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு மேஸ்திரி தயாராக இருக்கவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தார். மூன்றாம் நாள் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய், நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்திட்டார். அந்த வாரமே வேலை போனது.

அந்த மாதத் திருவிருந்தில் தட்டு வந்தது. சற்று நேரம் பிடித்துக்கொண்டே இருந்தார். பின்வரிசையில் யாரோ செருமினார்கள். ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

இன்னொரு வருடம் கழித்து பெயின்டருக்கு நஷ்டஈடு கிடைத்தது. மனைவியோடு வந்து சொல்லிவிட்டுப் போனார், வீட்டுக்குள் வரவில்லை. மேஸ்திரி இப்போது ஜன்னல் கம்பி செய்யும் சின்னக் கடையில் வேலை பார்க்கிறார். போதகரும் மச்சானும் எங்கே சந்தித்தாலும் அந்த வாதத்தை விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறார்கள். மேஸ்திரி குறுக்கே பேசுவதில்லை.