இரண்டு மூட்டைச் சுண்ணாம்பு

இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் விஞ்ஞானம் படிப்பித்தேன். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த அரசாங்க உத்தியோகத்தர். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் மாத்தளை நகரத்தில். எங்களுக்கு வந்த பாடப்புத்தகத்தில் இத்தாலியில் புகைகிற எரிமலை இருந்தது, ஐஸ்லாந்தில் கொதிக்கிற ஊற்று இருந்தது. பிள்ளைகள் தினமும் மிதித்து வருகிற பாறையைப் பற்றி ஒரு வரி கிடையாது. அந்தப் புத்தகத்தை எழுதினவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆகவே நான் என் பாட்டுக்குப் படிப்பித்தேன். ஓடையில் தகடு தகடாக மினுங்குகிற காக்காப்பொன் பொறுக்கி வரச் சொன்னேன். மாத்தளைச் சுண்ணாம்புக்கல்லை இடித்துத் தூளாக்கி, தேசிக்காய்ப் புளி விட்டு நுரைக்க வைத்தேன். அதே கல்லைச் சூளையில் சுட்டால்தான் வீட்டுக்கு அடிக்கிற சுண்ணாம்பு வருகிறது என்றதும் ஒருவரும் நம்பவில்லை. தண்ணீர் எங்கே கலங்கி வருகிறது, எந்த மரம் சாய்கிறது என்று பார்க்கப் பழக்கினேன். சோதனைக்கு வராத பாடம் எதற்கு என்று அதிபர் முணுமுணுத்தார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு நாள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வந்து சொன்னாள். "டீச்சர், எங்க லயத்துக்கு மேல தரை வாயைப் பொளந்துகிட்டு இருக்குங்க."

போய்ப் பார்த்தேன். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்துக் காம்பரா உள்ள தொழிலாளர் லயம் அது, காம்பராவுக்கு ஒன்றாகப் பத்துக் குடும்பம். அதற்கு நேர் மேலே, தேயிலைக்கு நடுவில், வெடிப்பு வளைந்து போனது. கையை விட்டேன், முழங்கை வரைக்கும் போயிற்று. கீழே லயத்தின் பின்சுவரிலும் அதற்கு ஒத்தாற்போல வெடிப்பு. வெடிப்புக்கு இந்தப் பக்கம் ஒரு முளை, அந்தப் பக்கம் ஒரு முளை என்று ஆறு இடத்தில் அடித்தோம். வெள்ளிக்கிழமை தோறும் பிள்ளைகள் கயிறு பிடித்து இடைவெளியை அளந்து கொப்பியில் எழுதினார்கள். ஒரு மாதத்தில் இரண்டு விரல் கூடியது.

அது எந்தக் காலம் என்பதை நான் மறந்துபோனேன். தமிழர் நாலு பேர் கூடி நின்றாலே சந்தேகம் வருகிற காலம். முளை, கயிறு, இலக்கம் என்று யாரோ போய்ச் சொல்ல, பொலிஸ் ஜீப் வந்தது. முளைகளைப் பிடுங்கி எறிந்தார்கள். கொப்பியையும் என்னையும் கொண்டுபோனார்கள். மலை எவ்வளவு நகர்கிறது என்று அளந்தோம் என்றேன், சிங்களத்தில்தான் சொன்னேன். மலை நகருமா என்று சிரித்தார்கள். அப்படியென்றால் ஏன் தமிழில் எழுதியிருக்கிறது என்று கேட்டார்கள். பிள்ளைகள் தமிழில் படிக்கிறார்கள் என்று சொல்வதற்குக்கூட அன்றைக்குப் பயப்பட வேண்டியிருந்தது. பின்னேரம் அப்பா வந்து கூட்டிப் போனார். கொப்பி திரும்பி வரவில்லை.

மலை ஏறாமலே காட்டக்கூடிய சாட்சி இனி அந்தப் பின்சுவர் மட்டும்தான். கண்டியில் இருந்த அரசாங்கக் கந்தோருக்குக் கடிதம் எழுதினேன். இரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவதுக்கு, புவிச்சரிதவியல் படித்த அதிகாரி ஒருவர் திங்கட்கிழமை வருவார் என்று பதில் வந்தது. இது குடியிருக்க ஆகாத இடம் என்று அவர் எழுதிவிட்டால் போதும். தோட்டம் அந்தப் பத்துக் குடும்பத்தையும் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துச் சமதரைக்கு மாற்றித்தான் ஆக வேண்டும்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் நான் ஒரு வார்த்தை சொன்னேன். வாய் சும்மா இருந்திருக்கலாம். டீச்சர் வாய் அல்லவா, சும்மா இருக்குமா? "திங்கக்கிழமை கண்டியிலிருந்து ஐயா வர்றாங்க. லயம் சுத்தமா இருக்கணும், என்ன?" நான் நினைத்தது அடைத்துக் கிடந்த தண்ணீர்க் கானையும் முற்றத்துக் குப்பையையும்தான்.

திங்கள் காலையில் ஏறிப் போனேன். லயம் வெள்ளை வெளேரென்று நின்றது. வாசலெல்லாம் கோலம். ஒரு வாங்கில் வெள்ளைத் துணி விரித்து, செம்பில் பூ வைத்திருந்தார்கள். ஓடிப் பின்பக்கம் போனேன். வெடிப்பு இல்லை. களிமண்ணும் சாணியும் குழைத்து விரல் விரலாக அடைத்து, வழவழவென்று மெழுகி, மேலே இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவர்கள் எப்போதும் சொந்தக் காசில் செய்கிற வேலைதான். வெளியாள் வருகிற வீட்டை ஓட்டையும் உடைசலுமாகக் காட்டுகிற பழக்கம் அங்கே யாருக்கும் இல்லை.

சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். சனிக்கிழமை தோட்டத்து ஆபீசிலிருந்து இரண்டு மூட்டை அனுப்பினார்களாம். வருடக் கணக்காகக் கேட்டும் ஒரு கை சுண்ணாம்பு கொடுக்காதவர்கள், கேட்காமலே இரண்டு மூட்டை அனுப்பியிருக்கிறார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை.

குடையை மடக்கி, அதன் நுனியால் சுவரைச் சுரண்டத் தொடங்கினேன். ஒரு சாண் நீளம் சுரண்டியிருப்பேன், இன்னும் களிமண்தான் வந்தது. கடைசிக் காம்பராவில் இருந்த அம்மா வந்து என் கையைப் பிடித்தார். வெடிப்பைப் பற்றி முதலில் வந்து சொன்ன அந்த மாணவியின் தாய். கொழுந்து பறித்துக் கறுத்த விரலெல்லாம் சுண்ணாம்பு வெந்து தோல் உரிந்திருந்தது.

"அழிச்சிறாதீங்க டீச்சர். நேத்து பூரா நின்னு அடிச்சது. நம்மளப் பத்தி அவங்க கேவலமா நெனைக்கக்கூடாதுல்லீங்க."

நான் குடையை இறக்கினேன். அந்த நேரம் கீழே ஜீப் சத்தமும் கேட்டது.

அதிகாரி வாங்கில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார். லயத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். வெடிப்பு உள்ளே இருக்கிறது, பூசி மறைத்திருக்கிறார்கள் என்றேன். கூட வந்த தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் சிரித்தார். மேலே மலைக்கு வாருங்கள், தரையிலேயே காட்டுகிறேன் என்றேன். அதிகாரி தன் சப்பாத்தைப் பார்த்தார், புல்லில் நெளிகிற அட்டையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். மழை வரும்போல இருக்கிறது மிஸ் என்றார். கல்லைப் படித்துப் பட்டம் வாங்கின மனிதர், கல்லைப் பார்க்க இருநூறு அடி ஏற மாட்டாராம்.

மார்கழி மழையில் மலை இறங்கியது. பகல் நேரம். எல்லாரும் வேறு மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள், பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். கடைசி மூன்று காம்பராவும் போயிற்று. அந்த அம்மாவுக்கு அன்றைக்குக் காய்ச்சல். வேலைக்குப் போகாமல் படுத்திருந்தார். நாங்கள் தோண்டி எடுக்க இரண்டு நாளாயிற்று.

பெரிய கிளாக்கரின் சட்டையைப் பிடிக்கப் போனேன், தொழிற்சங்கத் தலைவர்மார் தடுத்தார்கள். அவர் நிதானமாகச் சொன்னார். "ரிப்போட்டுல வெடிப்பு ஒண்ணும் இல்லைன்னு போட்டிருக்கே, டீச்சர். நாங்க என்னா செய்ய?"

மண்ணுக்குள்ளிருந்து கையளவு சுவர்த்துண்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன். ஒரு பக்கம் வெள்ளை. திருப்பினால் களிமண் அடைத்த வெடிப்பு.

நான் ஓய்வு பெற்ற பிறகு, மாத்தளையில் புவி மரபைப் பாதுகாக்கவென்று ஒரு குழு கிளம்பியது. ஊர் மக்களுக்குக் கல்லையும் மலையையும் கற்பிக்க வேண்டும், பூங்கா அமைக்க வேண்டும் என்று பேசினார்கள். கண்காட்சிக்குக் கல் கேட்டு என்னிடமும் வந்தார்கள். நான் சேர்த்து வைத்திருந்த கல் பெட்டியோடு போனேன். காக்காப்பொன்னை மெச்சினார்கள், சுண்ணாம்புக்கல்லைப் படம் எடுத்தார்கள். சுவர்த்துண்டை மட்டும் குழுவைச் சேர்ந்த ஓர் இளைஞர் மரியாதையாக ஒதுக்கி வைத்தார்.

"இது கல் இல்லையேங்க மேடம்."

"மாத்தளைக் கல்தான் தம்பி, சுட்ட கல்" என்றேன். என் குரல் உயர்ந்திருக்க வேண்டும், மண்டபத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எங்கே எடுத்தது, எந்தச் சுவர், யார் பூசினது, யார் அனுப்பினது, எல்லாவற்றையும் நின்ற நிலையில் சொல்லி முடித்தேன். அவர் துண்டை மேசையில் வைத்து, எழுதச் சொல்லி ஒரு அட்டையை நீட்டினார். துண்டை வெடிப்புப் பக்கம் மேலே வரத் திருப்பி வைத்தேன். அட்டையில் கல்லின் வகை, எடுத்த இடம் எல்லாம் எழுதினேன். கடைசியில் மறைத்தவர் பெயர் என்று நானே ஒரு கோடு போட்டேன். தோட்டத்து ஆபீசை எழுதினேன், அதிகாரியை எழுதினேன். அதற்குக் கீழே என் பெயரை எழுதினேன்.