தரை தொடாத மழை

சிட்னியில், வென்ட்வேர்த்வில் ஸ்டேசன் வாசலில், சூடேறிய தார் ரோட்டில் மழை விழுந்து எழும்பிய மணம் மூக்கில் ஏற, குடையை விரிக்காமல் நின்றுவிட்டேன். சிட்னியிலிருந்து வெகு தூரத்தில், பாலைவனத்தின் நடுவே அப்பா டொக்டராக வேலை பார்த்த சுரங்க ஊரில், சுரங்கம் மூடியதும் வீடுகளைக்கூடக் கழற்றி லொறியில் ஏற்றிக் கொண்டுபோய்விட்ட அந்தச் செம்மண் வெளியில், இந்த மணத்தை நான் அறிந்ததே இல்லை. கதவிடுக்கில் அம்மா ஈரத்துணி திணித்தாலும் புழுதி சோற்றில் நறநறக்கும். கொடியில் கடைசி உடுப்பைப் போடுமுன் முதல் உடுப்பு காய்ந்து விறைத்துவிடும். எப்போதாவது தூரத்து மேகத்திலிருந்து மழை சாம்பல் திரையாய் இறங்கும். அம்மா முற்றத்துக்கு வந்து அண்ணாந்து நிற்பா. பாதி வானத்திலேயே அது வெக்கையில் காய்ந்து இல்லாமல் போய்விடும்.

"வாற வருசம் சிட்னிக்குப் போயிடுவம்" என்று அப்பா பின்னாலிருந்து சொல்லுவார், ஒவ்வொரு வருசமும்.

"ஓம்" என்பா அம்மா, வானத்தைப் பார்த்தபடியே.

அம்மா செத்த அடுத்த வருசம் சிட்னிக்கு வந்தோம், அப்பாவும் நானும். சாமான் இறக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. அப்பா புதுவீட்டு வாசலில் அசையாமல் நனைந்துகொண்டு நின்றார். உள்ளே வாங்கோ என்று நான் கூப்பிடவில்லை.