ஆற்றுக்குக் குறுக்கு வழி

ஆம்பூருக்கு வெளியே, மூடிக் கிடக்கும் ஒரு தோல் தொழிற்சாலையின் பின்புறம் நிற்கிறேன். எனக்கு முன்னால் எல்சா நடக்கிறார். ஜெர்மனியில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர், பயணிகளுக்கு வழிகாட்டிப் புத்தகங்கள் எழுதுகிறவர். நான் அவருடைய மொழிபெயர்ப்பாளன். தன் காலால் நடந்து பார்க்காத எந்த வழியையும் அவர் எழுத மாட்டார்.

பாலாற்றங்கரை வரைக்கும் வெடித்துக் காய்ந்த தரை. அவர் கொஞ்ச தூரம் போனதும் அந்தத் தரை மெல்லத் தளும்புகிறது.

"சார், அந்தம்மாவ நிக்கச் சொல்லு சார்!" ஆடு மேய்க்கும் பெண்ணொருத்தி கத்திக்கொண்டே ஓடி வருகிறாள். "அது தரை இல்ல, தோல் கழிவுக் குட்டை. மேலதான் காஞ்சிருக்கு. மழை பேஞ்சதுல அடியில ஊறிப் போச்சு. நேத்துதான் என் ஆடு உள்ள போய்ட்டுது."

எனக்கு ஜெர்மன் சுத்தமாக மறந்துபோகிறது.

"படுத்துத் தவழ்ந்து வரச் சொல்லு!"

வாயில் வார்த்தை வராமல், நானே மண்ணில் குப்புறப் படுத்துக் காட்டுகிறேன். சத்தம் கேட்டுத் திரும்பிய எல்சா புரிந்துகொண்டு படுக்கிறார். அங்குலம் அங்குலமாகத் தவழ்ந்து வந்து கரையேறுகிறார்.

அந்தப் பெண் முந்தானையால் அவர் முகத்துச் சேற்றைத் துடைக்கிறாள்.

"போன கோடையில் இதன்மேல் நடந்துதான் ஆற்றுக்குப் போனேன்," என்கிறார் எல்சா. "குறுக்கு வழி என்று எழுதிவிட்டேன். புத்தகம் கடைகளுக்கு வந்துவிட்டது."