கிணற்றுக்குள் கடைசிப் பொம்மை

சேக்காட்டு அருள்செல்வி, வீடியோ கேமில் ஒளித்து வைத்த பொம்மைகளை யார் தயவுமில்லாமல் தேடி எடுப்பவள். கடைசி ஒன்று மட்டும் வாரக்கணக்கில் அவளை அலைக்கழித்தது. அவள் படும் பாடு பொறுக்காத புருஷன் ஜாக்சன், திருட்டுத்தனமாக யூடியூபில் பார்த்துவிட்டான். பொம்மை கிணற்றுக்குள் இருந்தது. அவளிடம் சொல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றான்.

மறுபடியும் கிணற்றைத் தாண்டியவள் ஆட்டத்தை நிறுத்தினாள்.

"யோவ், யூடியூப் பாத்தியா?"

"நான் இன்னா சொன்னேன் இப்ப?"

"கெணத்தாண்ட வந்தா மட்டும் நீ முறுக்கு மெல்றத நிறுத்திடுற."

"தெரிஞ்சிபோச்சில்ல, எடுத்துக்கினு போயேன்."

"அது நீ கண்டுபுடிச்சது. நீயே எடு."

ரிமோட்டை அவன் மடியில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஜாக்சனுக்கு எடுக்கக் கை வரவில்லை. பொம்மைக் கணக்கு இன்றும் ஒன்று குறைவாகத்தான் நிற்கிறது. வேலை பார்க்கும் அம்பத்தூர் கம்பெனியில், பெண்டாட்டி தொடாமல் விட்ட அந்த ஒன்றைத்தான் அவன் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறான்.